நீலமான விரலும் கடையில் வாங்கிய கோழிக்குஞ்சும்

கைவேலை ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சர் வருவார். சிரித்துக்கொண்டேதான் வருவார். "மிஸ், போர்ஷன் முடியல. இன்னிக்கு மட்டும் உங்க பீரியட் குடுங்களேன்" என்பார். கொடுக்காதீர்கள்.

நான் கொடுத்தேன். நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் முதல் இரண்டு வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒருநாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வராந்தாவில் என்னைப் பார்த்து, "நீங்க எங்க ஸ்கூலா மிஸ்?" என்று கேட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை உல்லன் நூல் பையோடு வகுப்பு வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

வந்த கணக்கு டீச்சரிடம், "எனக்கும் போர்ஷன் முடியல மிஸ்" என்றேன்.

"கைவேலைக்கு இன்னா மிஸ் போர்ஷன்?"

"முப்பத்திரண்டு பேர், அறுபத்து நாலு கை. ஒண்ணுகூட இன்னும் முடியல."

அவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. பீரியட் என்னிடம் இருந்தது.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்திலிருந்து வரும் பிள்ளைகளும், திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள கிராமங்களிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா விஞ்ஞானியாக இருந்தாலும் தண்ணீர் லாரி ஓட்டினாலும், எட்டு வயதில் ஒரு முடிச்சுப் போடத் தெரியாமல் திணறுவதில் எல்லோரும் ஒன்றுதான். உல்லன் நூலைச் சுற்றிப் பந்து செய்வது, இரண்டு ஐஸ் குச்சிகளைக் குறுக்காக வைத்து நூல் சுற்றி நட்சத்திரம் செய்வது, மூன்று இழையில் பின்னிக் கையில் கட்டிக்கொள்வது. எளிய வேலை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் தாங்கள் போட்ட முதல் முடிச்சை மறந்துபோனவர்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மூன்றாம் வகுப்பில் மோனிஷா என்று ஒரு பெண். இடது கைப் பழக்கம். நூல் சுற்றும்போது நாக்கு வெளியே வந்துவிடும். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. அன்று உல்லன் பந்து செய்துகொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் நான் சொல்லிக்கொடுத்த முறை, விரலில் நூலைச் சுற்று, நடுவில் கட்டு, கழற்று, ஓரத்தை வெட்டு என்பது. என் பையில் இருந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நானும் அப்படியே கற்றுக்கொடுத்தேன்.

அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு பையன் செய்த கோணலான மயிலைப் பிரித்து, நானே திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்பச் சொல்லி எச்.எம். மேடம் கேட்டிருந்தார். படம் அழகாக வரவேண்டும் என்று நான் மயிலின் கழுத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் அறையில் என் கண் மயில்மேல் இருந்தது.

"மிஸ், விரல் மரத்துப் போச்சு" என்று மோனிஷா மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை. நாவற்பழம் தின்ற வாய்போல் ஆள்காட்டி விரலின் நுனி நீலமாக இருந்தது. பந்து அழுத்தமாக வரவேண்டும் என்று பலம் கொண்ட மட்டும் சுற்றியிருக்கிறாள். கழற்ற முடியாதபடி நடுவில் முடிச்சையும் இறுக்கிவிட்டாள். நூல் சதைக்குள் பதிந்திருந்தது.

நான் பதறிப்போய் நூலைப் பிடித்து இழுத்தேன். அது இன்னும் இறுகியது. அப்போதுதான் அவள் கத்தினாள்.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா அஞ்சலை ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "இழுக்காத மிஸ்! இழுக்க இழுக்க இறுகுது பாரு. வுடு மொதல்ல!"

விட்டேன். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன். உங்களிடம் நான் கேட்பதும் அந்த ஒரு மூச்சைத்தான். கை எதையாவது செய்யத் துடிக்கும். அதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நிறுத்தியபிறகுதான் மேசையில் இருந்த மொட்டை ஊசி என் கண்ணில் பட்டது. உல்லன் தைப்பதற்கான, முனை மழுங்கிய ஊசி. அதை நூலுக்கும் தோலுக்கும் நடுவில் மெதுவாக நுழைத்து, ஓர் இழையைத் தூக்கி, சின்னக் கத்தரியால் வெட்டினேன். அடுத்த இழை. அதற்கடுத்தது. ஓர் இடத்தில் தோல் கீறி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அஞ்சலை குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "அவ்ளோதான் கண்ணு, ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசி இழை அறுந்ததும் விரல் சிவந்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா வேற பேச்சும்மா" என்றார்.

பள்ளிக்குத் திரும்பியதும் எச்.எம். மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். குரலை உயர்த்தாமல் ஒரு வகுப்பை எப்படி நிற்கவைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பெருமழை நாளில் கடைசிப் பிள்ளை வேன் ஏறும்வரை முழங்கால் தண்ணீரில் நின்றவர். ஆனால் அன்று அவர் முகத்தில் பயம் இருந்தது.

"அவ ஸ்கூல் டைரில எழுதிடுங்க. கதவுல லேசா நசுங்கிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டியாச்சுன்னு."

"கதவுல நசுங்கல மேடம்."

"எனக்குத் தெரியாதா? குரூப்ல வந்தா என்ன ஆகும் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் போட்டா நூறு பேர் கேப்பாங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். உங்களுக்காகத்தான். பொய் சொல்லச் சொல்கிறவர்கள் அதை நமக்கான உதவியாகத்தான் நீட்டுவார்கள். நான் டைரியில் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் மோனிஷா போகும் வேனில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கட்டுப்போட்ட விரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் அம்மா தேவி ஊர் முனையில் நின்றிருந்தார். நிலத்தில் பாதியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, டவுன்ஷிப் கேண்டீனில் சமையல் வேலைக்குப் போகிறவர். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா மிஸ், நீங்க எதுக்கு வந்துகினு கீறீங்க? இன்னா ஆச்சு?"

சொன்னேன். விரலில் சுற்றச் சொன்னது நான், முதலில் இழுத்து இறுக்கியது நான், அந்த நேரம் வேறொரு பிள்ளையின் மயிலை நான் அலங்காரம் செய்துகொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தார். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு மரியாதை போய்விட்டது.

"கண்ண எங்க வெச்சிகினு இருந்த நீ? மயிலு முக்கியமா உனுக்கு? எம்பொண்ணு வெரலு போயிருந்தா நீ குடுப்பியா?"

"இல்லங்க. குடுக்க முடியாது."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்து நிக்கிற எதிர்ல?"

"வேற யாராவது வேற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னுதான் வந்தேங்க."

அவர் குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை பள்ளிக்கு வந்து எச்.எம். அறையில் கத்திய சத்தம் மாடி வரை கேட்டது. நியாயம்தான். அன்று மத்தியானம் எனக்கு மெமோ வந்தது. கவனக்குறைவு, மற்றும் அனுமதியின்றிப் பெற்றோரைச் சந்தித்தது. "முதலாவது உண்மை. அதற்கு வருந்துகிறேன். இரண்டாவதும் உண்மை. அதற்கு வருந்தவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீரம் என்றெல்லாம் எண்ணிக்கொள்ளாதீர்கள். வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருவர் இருந்தார்கள்.

அடுத்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் குழந்தைகள் கையில் நூலும் கத்தரியும் கூடாது. மிஸ் செய்து காட்டுவார், பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இரண்டு வாரம் அப்படித்தான் நடத்தினேன். நான் செய்தேன், அவர்கள் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். மோனிஷா விரலால் காற்றில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஆபத்து நூலில் இல்லை. விரலில் சுற்றியதுதான் ஆபத்து. நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்குப் பிள்ளைகளின் கையை ஏன் கட்டிப்போட வேண்டும்?

வீட்டில் இருந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, லாட வடிவில் முப்பத்திரண்டு துண்டுகள் செய்தேன். அட்டையின் இரண்டு காலையும் சேர்த்து நூலைச் சுற்ற வேண்டும், நடுவிலுள்ள இடைவெளி வழியாகக் கட்ட வேண்டும், உருவ வேண்டும். விரலுக்கு அங்கே வேலையே இல்லை. வெட்டுவதற்கு என் மேசைக்கு ஒவ்வொருவராக வரவேண்டும். என் கண் முன்னால்தான் கத்தரி திறக்கும். முதல் நாள் செய்ய வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே ஓர் அட்டையையும் ஒரு கடிதத்தையும் எச்.எம். மேசையில் வைத்தேன். இன்று முதல் இப்படிச் செய்கிறோம், தேவைப்பட்டால் வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தேன். அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. மறைத்துச் செய்திருந்தால் அது வேறு விதமான பொய். அவர் வந்து பார்த்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை ஒரு பிள்ளையின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் பெற்றோர் தினம் பெரிதாக நடந்தது. தாளாளர் யாரோ முக்கியமான விருந்தினரை அழைத்திருந்தார். மூன்றாம் வகுப்புக்கு உல்லன் கோழிக்குஞ்சு. மஞ்சள் தீர்ந்துபோனதால் பாதிக் குஞ்சுகள் இரண்டு நிறத்தில் இருந்தன. கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு. சிலது உட்காரும், சிலது கவிழும். எல்லாம் அவர்களே செய்தது.

முந்தைய நாள் எச்.எம். மேடம் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே மாமல்லபுரத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கும் கடையிலிருந்து வாங்கிய உல்லன் குஞ்சுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள், கண்ணாடி மணியில் கண்.

"நேம் டேக் கட்டிடுங்க. பிள்ளைங்க பண்ணினத வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிடுங்க."

"மேடம், இது பிள்ளைங்க பண்ணினது இல்ல."

"யாரு கேக்கப் போறா? தாளாளர் போன வருஷமே சொன்னாரு, எக்ஸிபிஷன் குப்ப மாதிரி இருக்குன்னு. நான்தான் பதில் சொல்லணும். நீங்க இல்ல."

"நான் கட்ட மாட்டேன் மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபத்தைவிடச் சோர்வுதான் அந்தப் பார்வையில் அதிகம். "சரி. வேற ஆள வெச்சுக் கட்டிக்கறேன். நீங்க நாளைக்கு மேசைகிட்ட நில்லுங்க, அது போதும்" என்றார். பிள்ளைகளின் குஞ்சுகளை அவரவர் பையில் போட்டு அனுப்பினோம். ஏன் என்று கேட்ட பிள்ளையிடம், "பையிலேயே பத்திரமா வெச்சிரு" என்று சொல்லிச் சமாளித்தேன். கட்ட மாட்டேன் என்றதோடு என் தைரியம் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு அது வரவில்லை.

மறுநாள் காலை நின்றேன். விருந்தினர் வந்தார், கூடவே தாளாளர், எச்.எம்., பின்னால் பெற்றோர் கூட்டம். விருந்தினர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து ஒரு குஞ்சை எடுத்தார். பெயர்ச் சீட்டைப் படித்தார்.

"மோனிஷா. யாரும்மா மோனிஷா?"

அவள் பையை மாட்டிக்கொண்டு, தன் அம்மா அப்பாவோடு கூட்டத்தில் நின்றிருந்தாள். யாரோ முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"ரொம்ப அழகா பண்ணியிருக்கியே! யார் சொல்லிக்கொடுத்தா?"

மோனிஷா குஞ்சைப் பார்த்தாள். சீட்டில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள். "இது நான் பண்ணல" என்றாள்.

தாளாளர் சிரித்தார். எச்.எம். மேடம் உடனே, "ஷை டைப் சார் இவ" என்று அவள் தலையைத் தடவினார்.

"நான் பண்ணல" என்று அவள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை சத்தமாக.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எச்.எம்.மின் கண்ணும் என்மேல்தான் இருந்தது. அதில் கெஞ்சல் இருந்ததா, எச்சரிக்கை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சிரித்துவிட்டு, "வெக்கப்படறா சார்" என்று சொன்னால் போதும். விருந்தினர் நகர்ந்துவிடுவார். என் வேலை இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. தன் கையால் செய்யாததைச் செய்யவில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை அவள் சொல்லவேண்டி வந்தால், நான் எதற்கு அங்கே நிற்கிறேன்?

"அவ சொல்றது உண்மை சார்" என்றேன். "இது கடையில வாங்கினது. அவ பண்ணினது அவ பையில இருக்கு."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. விருந்தினருக்குக் கேட்டுவிட்டது. குஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "ஓ" என்றார்.

அப்போது தேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு என்மேல் இருந்த கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் பையைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். ஆரஞ்சும் ஊதாவும் கலந்த ஒன்றை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும், ஒரு பொட்டுக் கண் விழுந்துபோய் ஒற்றைக் கண்ணோடு இருந்தது.

"இத்தயா நீ பண்ண?"

மோனிஷா தலையாட்டினாள்.

"நீயே பண்ணியா? மிஸ் கை வெக்கலியா?"

"வெட்டறப்போ மட்டும் பக்கத்துல நின்னாங்க."

தேவி கடைக் குஞ்சின் கழுத்திலிருந்து சீட்டை அவிழ்த்தார். அதை மகளின் குஞ்சில் கட்டி, மேசையின் நடுவில் வைத்தார். கடைக் குஞ்சை எச்.எம். கையில் கொடுத்தார்.

"எம்பொண்ணு பேரு எம்பொண்ணு பண்ணதுலதான் இருக்கணும். நல்லா கீதோ இல்லியோ, அது எங்க வூட்டுக் கோழி."

பின்னாலிருந்து அணுபுரத்துக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், மகனிடம் குனிந்து, "உன்னுது எங்கடா?" என்று கேட்டார். அந்தப் பையனும் பையைத் திறந்தான். அப்புறம் இன்னொருத்தி. விருந்தினரைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவர் திரும்பி வரும்போது எங்கள் மேசை தாளாளர் சொன்ன குப்பைபோலவே இருந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, எது யாருடையது என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை எச்.எம். கூப்பிட்டார்.

"அந்தக் குழந்தைகிட்ட நீங்க சொல்லி வெச்சீங்களா?"

"இல்ல மேடம். சொல்லி வெச்சிருந்தா இப்ப பெருமையா ஒத்துக்குவேன்."

அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "நீங்க என்னை அங்க தனியா நிக்க வெச்சுட்டீங்க" என்றார். அது எனக்கு வலித்தது. இன்றும் வலிக்கிறது. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். ஆனால் அங்கே அவருக்கு முன்னால் ஒரு குழந்தை தனியாக நின்றிருந்தது. இரண்டு பேரில் ஒருவர் பக்கம்தான் என்னால் போக முடிந்தது.

வருடக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசி நாள் அஞ்சலை மட்டும் கேட் வரைக்கும் வந்தார். "போ மிஸ். இன்னா இப்ப? வேற ஸ்கூலா இல்ல?" என்றார்.

மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அதை இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பிறகு ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளி. அங்கே நேர்காணலில், முந்தைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று முதல்வர் கேட்டார். விரலிலிருந்து குஞ்சு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதெல்லாம் நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார். "நாளைக்கு நீங்க தெரிஞ்சுக்கிட்டு வருத்தப்படறதவிட, இன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டு வேணாம்னு சொல்லிடலாம் சார்" என்றேன். ஒரு வருடம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் வாரம் இரண்டாம் வகுப்புக்கு நட்சத்திரம் சொல்லிக்கொடுத்தேன். இருபத்தாறு பிள்ளைகள். ஒன்றுகூட நேராக வரவில்லை. சிலதில் நூல் தொங்கியது, ஒன்றில் குச்சியே ஒடிந்திருந்தது. எல்லாவற்றிலும் அவரவர் பெயரை அவரவரே எழுதினார்கள், எழுத்துப் பிழையோடு. அப்படியே வகுப்பு ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டினேன்.

மத்தியானம் முதல்வர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"மிஸ், கொஞ்சம் சரி பண்ணிட்டு மாட்டியிருக்கலாமே?"

"சரியாத்தான் இருக்கு சார்" என்றேன்.